பை நாங்க பாத்துக்கிறோம், நீங்க போயிட்டு வாங்க

(சென்னைக்கு வெளியே ஒரு தீம் பார்க். ரோலர் கோஸ்டருக்கு எதிரே சிமென்ட் பெஞ்ச். பைகளுக்கு நடுவே மாமனாரும் மாப்பிள்ளையும். அலைக்குளத்தில் வேட்டிக்கு அனுமதி இல்லை, நூல் பிரிந்து ஃபில்டரை அடைக்குமாம். அதனால் மாமனார் அங்கேயே வாங்கிய நைலான் டிராயரில் இருக்கிறார். டிராயரில் கிளிப் படம்.)

மாமனார்: நீங்களும் போயிருக்கலாமே மாப்பிள்ளை. பையை நான் பாத்துக்க மாட்டேனா?

மாப்பிள்ளை: இத்தனை பையை ஒத்த ஆளா எப்படி மாமா பாப்பீங்க? நீங்க வேணா போங்க.

மாமனார்: எனக்கென்ன பயமா? காலையில கேட்ல நின்னு தின்ன புளியோதரை இன்னும் இறங்கல.

மாப்பிள்ளை: வெளிச் சாப்பாடு உள்ள விடமாட்டாங்கன்னு நேத்தே சொன்னேன்.

மாமனார்: அதுக்காக உங்க அத்தை மூட்டு வலியோட நின்னு கிளறினதைக் குப்பையில கொட்டவா? பத்து மணிக்கே மதியச் சாப்பாடு முடிஞ்சுது, செலவு மிச்சம். செக்யூரிட்டி தம்பிகூட ரெண்டு கரண்டி வாங்கிக்கிட்டான்.

மாப்பிள்ளை: சாப்பிட்டுட்டு, "டப்பாவை வெளியவே வெச்சிட்டுப் போங்க"ன்னுட்டானே மாமா!

மாமனார்: நம்ம பேரன் மட்டும் என்ன? வயசு பத்துன்னு நான் சத்தியம் பண்றேன், அவங்க சுவத்துக் கோட்டுல உயரத்தை அளக்கிறாங்க. கொஞ்சம் குனிஞ்சு நின்னா அரை டிக்கெட். கொடிவணக்கத்துக்கு நிக்கிற மாதிரி நெஞ்சை நிமித்துறான்!

மாப்பிள்ளை: உயரம் பத்தலைன்னா பெரிய ரைடுல ஏத்த மாட்டாங்கன்னு அவனுக்குத் தெரியும் மாமா.

(மேலே பெட்டி ஏறுகிறது. டக்... டக்... டக்...)

மாப்பிள்ளை: என்ன மாமா சத்தம்? ஏதாவது கழண்டுடுச்சா?

மாமனார்: ராட்செட் மாப்பிள்ளை. கீழ ஓடுற சங்கிலிதான் பெட்டியை மேல இழுக்குது. சங்கிலி அறுந்தாலும் வண்டி பின்னால உருளக் கூடாதுல்ல? அதுக்குத்தான் ஒவ்வொரு பல்லுலயும் கொக்கி விழுந்து விழுந்து ஏறுது. நான் ஐ.சி.எஃப். ரயில் பெட்டி ஃபேக்டரியில 35 வருஷம் ஃபிட்டர். 1955-ல நேரு வந்து தொறந்து வெச்ச...

மாப்பிள்ளை: தெரியும் மாமா, நிச்சயதார்த்தத்துலயே சொன்னீங்க. சங்கிலி அறுறதும் உண்டா?

மாமனார்: "அறுந்தாலும்"னுதானே சொன்னேன்! அதுவும் உச்சி வரைக்கும்தான். அதுக்கப்புறம் சங்கிலியும் கிடையாது, இன்ஜினும் கிடையாது.

மாப்பிள்ளை: இன்ஜினே இல்லையா?

மாமனார்: எதுக்கு? விழுற வேகத்துலயே அடுத்த மேட்டை ஏறிடும். போகப் போக உராய்வுல வேகம் குறையும். அதான் முதல் மேட்டை உசரமா வெச்சு, மத்ததைக் குட்டையாக்கிட்டே வந்திருக்காங்க.

மாப்பிள்ளை: தலைகீழாப் போறப்போ?

மாமனார்: தண்டவாளத்துக்கு மேல ஒரு சக்கரம், பக்கத்துல ஒண்ணு, அடியில ஒண்ணு. மூணும் சேந்து கவ்விக்கும்.

மாப்பிள்ளை: நம்ம ரயிலுக்கு அடிச் சக்கரம் இருக்கா மாமா?

மாமனார்: நம்ம ரயில் எதுக்கு மாப்பிள்ளை தலைகீழா ஓடணும்?

மாப்பிள்ளை: இவ்வளவு தெரிஞ்சும் நீங்க ஏறலையே?

மாமனார்: தெரிஞ்சதாலதான் ஏறல. 35 வருஷம் போல்ட் முறுக்கினவன், இன்னொருத்தன் முறுக்கின போல்ட்டை நம்ப மாட்டான்.

(மேலே "ஐயோ"வென்று கூட்டாக ஒரு அலறல். இருவரும் ஆளுக்கொரு பையை மடியில் எடுத்து வைத்துக்கொள்கிறார்கள்.)

மாமனார்: என் பொண்ணு சின்னதுல வி.ஜி.பி. தீம் பார்க்குக்குக் கூட்டிட்டுப் போனேன். அங்க சிலை மனிதர்னு ஒருத்தர், ஆடாம அசையாம நிப்பாரு. அரை மணி நேரம் ஜோக் சொன்னேன். உதடு அசையணுமே!

மாப்பிள்ளை: அவர் சம்பளம் வாங்கிட்டுச் சிரிக்காம நின்னாரு. நான் சம்பளம் இல்லாம சிரிச்சிட்டிருக்கேன் மாமா.

(போன் அடிக்கிறது. மாப்பிள்ளை பேசிவிட்டு வைக்கிறார். முகத்தில் ரத்தம் இல்லை.)

மாப்பிள்ளை: உங்க பொண்ணு. அடுத்த ரவுண்டு நாம ரெண்டு பேரும் ஏறணுமாம். பையை அவ பாத்துக்கிறாளாம்.

மாமனார்: பதறாதீங்க. அந்த போர்டைப் படிங்க, யார் யார் ஏறக் கூடாதுன்னு.

மாப்பிள்ளை: இதய நோய், ரத்த அழுத்தம், கழுத்து வலி, முதுகு வலி, கர்ப்பிணிகள்...

மாமனார்: ரத்த அழுத்தம் எனக்கு. கழுத்து வலி உங்களுக்கு. ரெண்டு பேரும் ஒரே வியாதி சொன்னா சந்தேகப்படுவாங்க.

மாப்பிள்ளை: அத்தை காட்டிக் குடுத்துட மாட்டாங்களே? எங்க அவங்க?

மாமனார்: பாவம், அவளால படியே ஏற முடியாது. எங்கயாவது நிழலா பாத்து உக்காந்திருப்பா.

(அடுத்த பெட்டி ஏறுகிறது. டக்... டக்... டக்...)

மாப்பிள்ளை: மாமா... முன் சீட்டுல ரெண்டு கையையும் தூக்கிட்டு, பச்சை சுடிதார்ல... அது அத்தை இல்ல?

மாமனார்: (கண்ணாடியைத் துடைத்துப் போட்டுப் பார்த்து) மூட்டு வலி, மாடிப்படி இறங்க முடியலைன்னு சொல்லி, மூணு மாசமா என்னைத்தான் மாப்பிள்ளை பால் வாங்க அனுப்புறா!

மாப்பிள்ளை: அடிச் சக்கரம் கெட்டியாப் பிடிச்சுக்கும்ல மாமா?

மாமனார்: அதெல்லாம் பிடிச்சுக்கும். இறங்கி வரட்டும் அவ.