கணினி படிக்கப்போகிறவருக்கு மொழிப் பாடம் வீணா?

"கணினி அறிவியலுக்குக் கணிதம் மட்டும் போதும், பள்ளியில் மொழிப் பாடத்துக்குச் செலவிடும் நேரம் வீண்" என்ற செய்தி மாணவர்களிடையே பரவி வருகிறது. இது தவறு. இதை நம்பி மொழிப் பாடத்தைக் கைவிடும் பிள்ளைகளை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது.

அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2020இல் வெளியிட்ட ஆய்வில், நிரலாக்கம் (கணினிக்கான கட்டளைகளை எழுதுவது) அறியாத 36 பேர் பைத்தான் என்ற நிரல் மொழியைக் கற்றார்கள். கற்ற வேகத்திலும் கற்றதன் தேர்ச்சியிலும் ஆளுக்கு ஆள் காணப்பட்ட வேறுபாட்டில் சராசரியாகச் சுமார் 17 சதவீதத்தை மொழி கற்கும் திறன் விளக்கியது. எண் திறன் விளக்கியதோ ஏறத்தாழ 2 சதவீதம்தான். தர்க்க அறிவும் நினைவாற்றலும் பெரும்பங்கு வகித்தன.

ஆனால் இதைத் தலைகீழாக்கி, "அப்படியானால் கணிதம் வேண்டாம்" என்று சொல்வதும் பிழையே. அது சிறிய ஆய்வு. பைத்தானின் தொடக்கநிலையை மட்டும் பார்த்தது. அல்காரிதம் (சிக்கலைத் தீர்க்கும் படிமுறை), நிகழ்தகவு, இயந்திரக் கற்றல் (தரவிலிருந்து கணினியே கற்பது) ஆகியவற்றுக்குக் கணிதம் இன்றியமையாதது. அதே 2020இல் வெளியான அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழக ஆய்வு ஒன்று, நிரலைப் படிக்கும்போது மூளையின் மொழிப் பகுதிகள் பெரிதாக இயங்குவதில்லை என்று காட்டியது. நிரல் எழுதுவதும் கட்டுரை எழுதுவதும் ஒன்றல்ல.

பல்கலைக்கழகக் கணினிப் படிப்போ நிரல் எழுதுவதோடு நிற்பதில்லை. நீண்ட வினாவில் எது நிபந்தனை, எது விதிவிலக்கு என்று பிரித்தறிய வேண்டும். "குறைந்தது ஐந்து" என்பதை "ஐந்துக்கு மேல்" என்று வாசித்தவரின் நிரல் பிழையின்றி ஓடும். விடை மட்டும் தவறாக வரும். கணினி காட்டும் பிழைச் செய்தியைப் பொறுமையாகப் படிப்பது, ஆவணம் எழுதுவது, குழுவினருக்குத் தன் வடிவமைப்பை விளக்குவது எல்லாமே வாசிப்பும் எழுத்தும் சார்ந்த வேலைகள்.