ஹில் யாரையும் வசியம் செய்யவில்லை
"முதல் உலகப்போரில் சிறைப்பட்ட விமானி ஹில், மந்திரத்தால் காவலர்களை வசியம் செய்து தப்பினார்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். ஆள் உண்மை, வசியம்தான் கட்டுக்கதை.

செட்ரிக் ஹில் ஆஸ்திரேலியர், பிரிட்டிஷ் விமானப்படை விமானி. 1916இல் சினாய் பகுதியில் துருக்கியரிடம் பிடிபட்டார். செப்படி வித்தையில் கைதேர்ந்தவர், அது சரி. துருக்கியில் இருந்த யோஸ்காட் போர்க்கைதி முகாமில் சக கைதி இ. எச். ஜோன்ஸ் பொழுதுபோகாமல் ஆரம்பித்த ஆவி பேசும் பலகை விளையாட்டில் இவரும் கூட்டுச் சேர்ந்தார். புதையல் இருக்குமிடத்தை ஆவி காட்டும் என்று முகாம் தளபதி காசிம் பேயையே நம்ப வைத்தார்கள். (பாதி வேலையைப் பேராசையே செய்துவிட்டது!) புதையல் வேட்டையில் தளபதி நிற்பதை ரகசியமாகப் படமும் எடுத்தார் ஹில்.

அப்புறம் நடந்ததுதான் கொடுமை. நோயாளிகள் என்று ஊருக்கு அனுப்பப்படுவதற்காகப் பைத்தியமாக நடித்து, பட்டினி கிடந்து, வழியில் பொய்யாகத் தூக்கில் தொங்கிக்காட்டி, கான்ஸ்டான்டிநோபிள் (இன்றைய இஸ்தான்புல்) மருத்துவமனையில் மாதக்கணக்கில் டாக்டர்களை ஏமாற்றினார்கள். வசியம் தெரிந்தவருக்கு இந்தப் பாடு எதற்கு? 1918இல் நோயாளிகள் என்றுதான் ஊருக்கு அனுப்பப்பட்டார்கள். அதற்குள் போரே முடிந்து, முகாமில் சும்மா இருந்தவர்களும் கொஞ்ச நாளில் பின்னாலேயே வந்துவிட்டார்கள்.