அந்தப் பிள்ளைகளை ஏன் இறக்கி அனுப்பினீர்கள்?

ஞாயிறும் திங்களும் வாயை மூடிக்கொண்டுதான் இருந்தேன். கோபத்தில் எழுதினால் வார்த்தை தடித்துவிடும் என்று பயம். ஆனால் நேற்று இரவு உங்கள் வானம் பார்க்கும் குழுவில் அந்தப் போட்டோவைப் போட்டு, அதற்குக் கீழே "எந்த இடையூறும் இல்லாத அருமையான வானம்" என்று எழுதியிருந்ததைப் பார்த்தபிறகு என்னால் தூங்க முடியவில்லை. சனிக்கிழமை மேட்டில் என்ன நடந்தது என்று இங்கே இருக்கிற பாதிப் பேருக்குத் தெரியும், மீதிப் பேருக்கு வட்ஸ்அப்பில் வந்திருக்கும். அதனால் கதையை முதலிலிருந்து சொல்லப்போவதில்லை. நீங்கள் கொழும்பிலிருந்து டெலஸ்கோப் கொண்டு வந்த இரவு, அதைப் பார்க்க ஏறி வந்த தோட்டத்துப் பிள்ளைகளை மேட்டிலிருந்து கீழே அனுப்பியதைத்தான் சொல்கிறேன். ஒன்றை மட்டும் கேட்கிறேன். அந்தப் பிள்ளைகளை ஏன் இறக்கி அனுப்பினீர்கள்?

நீங்கள் இடையூறு என்று எழுதியது தரம் எட்டிலும் ஒன்பதிலும் படிக்கிற பிள்ளைகளை. என் வகுப்புப் பிள்ளைகள். மேட்டுக்குக் கீழே இருக்கிற லயத்தில், தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளில்தான் குடியிருப்பு, கொழுந்து எடுக்கிற மலைக்கு நடுவே போகிற குறுக்குப் பாதையில் ஏறினால் கால் மணித்தியாலம் கூட ஆகாது. அன்று நான் பதுளையில் இருந்தேன், இல்லாவிட்டால் நானே கூட்டிக்கொண்டு ஏறியிருப்பேன். டெலஸ்கோப் வந்திருக்கிறது என்று கேள்விப்பட்டு ஓடியிருக்கிறார்கள். வகுப்பில் சப்தரிஷி மண்டலம், தென்சிலுவை எல்லாம் கரும்பலகையில் போட்டுக் காட்டியது நான்தான், அதைக் கண்ணால் பார்க்கும் ஆசை வந்தது தப்பா? ஒருவர் கத்தியிருக்கிறார், இன்னொருவர் காவல்காரரைக் கூப்பிட்டு இவர்களைக் கீழே அனுப்பச் சொல்லியிருக்கிறார். தமிழில் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள், அதுதான் எனக்கு இன்னும் வலிக்கிறது. திங்கட்கிழமை பாடம் முடிந்ததும் ஒரு பிள்ளை மேசைக்குப் பக்கத்தில் வந்து நின்று மெதுவாகக் கேட்கிறாள், "டீச்சர், அதுல பாக்கிறதுக்குக் காசு கட்டணுமா?" என்று. நான் என்ன பதில் சொல்லட்டும்? நீங்களே சொல்லுங்கள்.

நான் வானம் பார்க்கிறவர்களுக்கு எதிரி இல்லை. என்னைத் தெரிந்தவர்களுக்கு அது தெரியும். அந்த மேட்டை இந்தக் குழுவுக்குக் காட்டிக் கொடுத்ததே நான். இலங்கை மலையகத்தில், ஹப்புத்தளைப் பக்கம் அந்த இடம் ஏன் அவ்வளவு நல்ல இடம் என்று எனக்கும் தெரியும். தெற்கே மலை மறைக்காது, நிலம் அப்படியே கீழே இறங்கிப் போய்விடும். நாம் இருப்பது நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏழு பாகைக்கும் குறைவான இடத்தில். அதனால் வடக்கே சப்தரிஷியும் தெற்கே தென்சிலுவையும் ஒரே நேரத்தில் தெரியும். பங்குனி இரவில் பத்து, பதினொரு மணிக்கு மேல் கரீனா நெபுலா என்கிற வாயு மேகம் தெற்கில் உச்சிக்கு வரும், நள்ளிரவு தாண்டினால் ஒமேகா செண்டாரி. சுமார் ஒரு கோடி நட்சத்திரம் சேர்ந்த கொத்து அது, 17,000 ஒளியாண்டு தூரத்தில், நமக்கு 36 பாகை உயரத்தில் நிற்கும். ஐரோப்பாவில் பெரும்பாலான இடங்களில் அது அடிவானத்துக்கு மேலே வருவதே இல்லை. மே முதல் செப்டெம்பர் வரை ஹற்றன், நுவரெலியாப் பக்கம் மழையிலும் பனிமூட்டத்திலும் வானமே தெரியாத காலத்தில் நாம் இருக்கிற ஊவாப் பக்கம் மழை குறைந்து காற்று மட்டும் அடிக்கும், அப்போதும் சில இரவு கிடைக்கும். போயாவுக்கு லீவு உண்டு, ஆனால் முழுநிலவு, அதனால் பிரயோசனம் இல்லை. அமாவாசையை ஒட்டி வருகிற ஒரு சனிக்கிழமைக்காக மாதம் முழுக்கக் காத்திருந்து, கொழும்பிலிருந்து வான் வண்டி பிடித்து வந்து, கடைசியில் மூடுபனி இறங்கினால் அந்த மாதம் போச்சு. அந்த ஏமாற்றம் எனக்கும் தெரியும். எல்லாம் சரி. அதற்காகப் பிள்ளைகளை இறக்கி அனுப்புவீர்களா?

இப்போது வரப்போகிற பதில்கள் எனக்குத் தெரியும். முதல் பதில் டோர்ச். பிள்ளைகள் வெள்ளை டோர்ச் அடித்துக்கொண்டு வந்தார்கள், கண் கெட்டுப்போனது, படம் கெட்டுப்போனது. ஆமாம், கெடும். இருட்டுக்குக் கண் முழுமையாகப் பழக இருபது, முப்பது நிமிடம் ஆகும், ஒரு வெள்ளை வெளிச்சம் பட்டால் அந்த அரை மணித்தியாலம் வீண். நான் மறுக்கவில்லை. ஆனால் சிவப்பு வெளிச்சம் அந்த அளவுக்குக் கெடுக்காது என்று எனக்குச் சொல்லித் தந்ததே உங்கள் குழுவில் இருக்கிற ஒரு அண்ணன். வெசாக் விளக்குக் கூட்டுக்கு ஒட்டுகிற சிவப்புத் தாளை இரண்டு மடிப்பாக மடித்து டோர்ச் முகத்தில் வைத்து ஒரு ரப்பர் பேண்ட் போட்டால் முடிந்தது. அதைச் செய்ய எத்தனை நிமிடம் ஆகும்? அதைச் சொல்லிக்கொடுக்க யாருக்கும் மனம் வரவில்லை. படம் எடுக்கிறவர்களுக்கும் தெரியும், அவர்கள் ஒரே ஒரு படம் எடுப்பதில்லை, பத்துக் கணக்கில் எடுத்து ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்குகிறார்கள். வெளிச்சம் பட்ட ஃபிரேமைத் தூக்கிப் போட்டுவிட்டு மிச்சத்தை அடுக்கலாம். தூக்கிப் போட்டது ஃபிரேமை இல்லை, பிள்ளைகளை.

டோர்ச் இல்லாமல் வந்திருக்கலாமே என்று யாரோ கேட்டிருந்தார்கள். தேயிலைக்குள்ளே இரவில் டோர்ச் இல்லாமல் நடந்து பார்த்திருக்கிறீர்களா? சிறுத்தை இருக்கிறது. காட்டுப்பன்றி இருக்கிறது. பாம்பு, குளவி, வேறு என்ன சொல்ல. நீங்கள் வான் கதவைத் திறந்து நேரே புல்லில் கால் வைக்கிறீர்கள்.

இரண்டாவது பதில், லட்சக்கணக்கில் பெறுமதியான சாமான்கள். இதற்கு நான் நீளமாகப் பதில் எழுதப்போவதில்லை, எழுதினால் மரியாதை கெட்டுவிடும். இத்தனை காலமாக வந்து போகிறீர்கள், ஒரு ஸ்குரு தொலைந்ததா? வான் சேற்றில் புதைந்த இரவில் தூக்கத்திலிருந்து எழும்பி வந்து தள்ளியது யார்? அந்தக் குளிரில் போத்தலில் பிளேன்டீ ஊற்றி அனுப்பியது எந்த லயத்து அடுப்பிலிருந்து?

நான் முதலில் வால்வெள்ளி பார்த்ததும் அதே மேட்டில்தான். 1997, ஹேல்-பொப். சூரியன் மறைந்து இருட்டுகிற நேரத்தில் வடமேற்கில் தெரியும். லயத்தில் பெரியவர்கள், வால்வெள்ளி வந்தால் ராசாவுக்கு ஆகாது, பார்க்கக் கூடாது என்று பிள்ளைகளை உள்ளே இழுத்து வைத்தார்கள். அப்பா மட்டும், "நமக்கேது ராசா, வா போய்ப் பாப்போம்" என்று என்னைக் கூட்டிக்கொண்டு ஏறினார். அவர் கையிலும் டோர்ச்தான் இருந்தது, வெள்ளை டோர்ச். டெலஸ்கோப் இல்லை, பைனாகுலர் இல்லை, வெறுங்கண். அப்பா ஐந்தாம் வகுப்போடு நின்றவர். ஆனால் ஆடிக் காற்றில் அப்பாயி விடியற்காலை அடுப்பு மூட்ட எழும்பும்போது கார்த்திகைக் கூட்டம் எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்று பார்த்துத்தான் பெரட்டுக்கு, அதாவது காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்கிற நேரத்துக்கு, இன்னும் எவ்வளவு நேரம் இருக்கிறது என்று சொல்லும், அதை அப்பா எனக்குச் சொல்லித்தந்தார். தெற்கே பிரகாசமாக நிற்பது அகத்தியர், சப்தரிஷியில் வசிட்டருக்குப் பக்கத்தில் மங்கலாக இருப்பது அருந்ததி, இதெல்லாம் அப்பாயி சொன்னது. நான் சயன்ஸ் படித்ததற்கும், இன்றைக்குப் பாடசாலையில் நின்று கற்பிப்பதற்கும் காரணம் அந்த இரவு. இந்தப் பிள்ளைகளுக்கும் அப்படி ஒரு இரவு கிடைத்திருக்க வேண்டியது. கிடைக்க விடவில்லை நீங்கள்.

மொரட்டுவையில், ஆர்தர் சி. கிளார்க் பெயரில் இருக்கிற நிறுவனத்தில், ஜப்பான் கொடுத்த 45 சென்டிமீட்டர் டெலஸ்கோப் இருக்கிறது. நல்ல விஷயம்தான். ஆனால் ஹப்புத்தளையிலிருந்து ஒரு தோட்டத்துப் பிள்ளை அதைப் பார்க்கப் போவதென்றால் ஒரு நாள் முழுக்க ரயில், டிக்கெட், தங்குமிடம், கூடவே அம்மாவின் ஒரு நாள் பேர், அதாவது ஒரு நாள் சம்பளம், போகும். அவளுக்குப் பக்கத்தில் டெலஸ்கோப் என்று ஒன்று வருவது நீங்கள் வருகிற அன்றைக்கு மட்டும்தான். உங்களுக்கு அது ஒரு வார இறுதி.

மூன்றாவது பதில், "டீச்சர் இதைத் தோட்டம், கொழும்பு என்று பிரிக்கிறார்". இதை என்னிடம் நேரடியாகவே சொன்னார்கள். பிரித்தது நானா? அன்றிரவு மேட்டில் நின்ற எல்லோரையும் காவல்காரர் இறக்கி அனுப்பினாரா? வான் வண்டியில் வந்தவர்களின் பிள்ளைகள் இரண்டு பேர் அங்கேயே நின்றார்கள், போன் வெளிச்சத்தில் விளையாடிக்கொண்டு. அவர்களை யாரும் இடையூறு என்று எழுதவில்லை, எழுதவும் வேண்டாம், பிள்ளைகள் என்றால் அப்படித்தான் இருக்கும். என் பிள்ளைகளும் பிள்ளைகள்தானே. 2023ல், மலையகத் தமிழர் இலங்கைக்கு வந்து 200 வருடம் ஆனதை நினைத்து மலையகம் 200 என்று நடந்தபோது நீங்களும் புரொபைல் போட்டோ மாற்றினீர்கள், நான் பார்த்தேன், சந்தோஷப்பட்டேன். குழுவில் எல்லோரும் ஒரே மாதிரி இல்லை என்பதும் எனக்குத் தெரியும், இரண்டு மூன்று பேர் தனியாக போன் எடுத்து வருத்தப்பட்டார்கள். அந்த வருத்தத்தை அந்த இடத்தில் நின்று, அந்த நேரத்தில், பிள்ளைகள் காதில் விழ ஒருவராவது சொல்லியிருக்கலாம்.

இவ்வளவோடு நிறுத்தலாம் என்றுதான் இருந்தேன். ஆனால் லாம்பு விஷயத்தையும் சொல்லாமல் போக முடியாது, ஏனென்றால் இரண்டும் ஒன்றுதான். லயத்திலிருந்து பெரிய ரோட்டுக்கு வருகிற பாதையில் லாம்பு போட்டுத் தரச்சொல்லி தோட்டத்து மக்கள் பல காலமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். இப்போது வருகிற மாதிரி இருக்கிறது. உடனே உங்கள் குழுவில் ஒருவர், இருண்ட வானம் அழிந்துவிடும், எல்லோரும் சேர்ந்து ஒரு கடிதம் எழுதி நிறுத்துவோம் என்று சொல்ல, கீழே அத்தனை பேர் கை தூக்கியிருக்கிறீர்கள். நீங்கள் பாதுகாக்க நினைக்கிற அந்த இருட்டு யாரும் பாதுகாத்து வைத்த இருட்டு இல்லை. எங்களுக்கு வெளிச்சம் தராததால் மிஞ்சிய இருட்டு. அந்தப் பாதையில்தான் மாசமாக இருந்த பெண்ணை நடு இரவில் தூக்கிக்கொண்டு ஓட்டோ நிற்கிற இடத்துக்கு ஓடியிருக்கிறோம். அந்தப் பாதையில்தான் டியூஷன் முடிந்து பெண்பிள்ளைகள் திரும்பி வருகிறார்கள்.

லாம்பும் வானமும் இரண்டும் வேண்டும் என்றால் வழி இருக்கிறது, அது உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். மேலே மூடி போட்டு வெளிச்சம் கீழே மட்டும் விழுகிற மாதிரி வைக்கலாம். நீல வெள்ளை எல்ஈடி வேண்டாம், நீல ஒளிதான் காற்றில் அதிகம் சிதறி வானத்தை வெளுக்க வைக்கும், ஒளியின் நிறத்தைச் சொல்கிற அளவு 3000 கெல்வினுக்குக் கீழே இருக்கிற மாதிரி மஞ்சள் நிறமாகப் போடலாம். ஆள் வந்தால் மட்டும் எரிகிற சென்சரும் இருக்கிறது. இதை எழுதிக் கேளுங்கள், முதல் கையெழுத்து நான் போடுகிறேன். பக்கத்து மலையில் ஒரு ஹோட்டல் இரவு முழுக்க வானத்தைப் பார்த்து ஃபிளட்லைட் அடிக்கிறது, நீங்களே அதைப் பற்றிப் புலம்பியிருக்கிறீர்கள். அவர்களுக்கு ஒரு கடிதம் போனதா? போகவில்லை. பாதையில் நடக்கிறவர்களின் லாம்பை நிறுத்தத்தான் கடிதம்.

அந்தக் கடிதத்தில் என் பெயரையும் சேர்த்திருப்பதாகக் கேள்விப்பட்டேன். எடுத்துவிடுங்கள். அடுத்த அமாவாசைச் சனிக்கிழமை என் வகுப்புப் பிள்ளைகளோடு நான் மேட்டில் இருப்பேன், டோர்ச்சுக்கு சிவப்புத் தாள் ஒட்டித்தான் வருவோம். டெலஸ்கோப் கொண்டு வருகிறவர்கள் தாராளமாக வரலாம், பிள்ளைகள் வரிசையில் நின்று பார்ப்பார்கள். அது கஷ்டம் என்று நினைக்கிறவர்கள் வேறு மேடு தேடிக்கொள்ளுங்கள், தோட்டத்து அனுமதிக்காக இனி எனக்கு போன் எடுக்க வேண்டாம்.