சாப்பாடு உண்டு தம்பி

மும்பை மாட்டுங்காவில் ஒரு பரதநாட்டிய நிகழ்ச்சி. "நம்ம பையன்தானே, வந்து நாலு போட்டோ எடுத்துக் கொடு. சாப்பாடு உண்டு தம்பி" என்றார் அமைப்பாளர் மாமா. நான் ஆசைக்குப் படம் எடுப்பவன், காசு கேட்க வாய் வராது. சரி என்று கேமரா பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு முலுண்டிலிருந்து ஸ்லோ லோக்கல் ரயிலில் போனேன்.

எனக்குச் சொன்ன முன்வரிசை ஓரத்தில் ஸ்பான்சர் குடும்பம் உட்கார்ந்திருந்தது. தூணுக்குப் பின்னால் நின்றேன். மேடை முழுக்க கத்தரிப்பூ நிற எல்இடி. ஆடுபவர்கள் முகமெல்லாம் நாவல் பழம் பூசியதுபோல. ஜதி வேகமெடுக்கும்போது கைகள் படத்தில் கலங்காமல் விழ ஷட்டர் 1/250 நொடியாவது வேண்டும். அந்த வெளிச்சத்தில் அதற்காக ஐஎஸ்ஓவை, அதாவது கேமராவின் ஒளி உணர்திறனை, 6400-க்கு ஏற்றினால் படத்தில் ரவை தூவியதுபோல் புள்ளி. நடுவில் ஒரு மாமி, "தள்ளி நில்லுப்பா, மறைக்குது" என்றார். அவர் நின்றுகொண்டு ஐபேடில் வீடியோ எடுத்துக்கொண்டிருந்தார்!

சாப்பாடா? நான் போனபோது தயிர்சாத அண்டாவை வழித்துக்கொண்டிருந்தார்கள்.

வீடு சேர்வதற்குள் வாட்ஸ்அப்பில் "போட்டோ ரெடியா தம்பி?" மொத்தம் 900 படம், ஒவ்வொரு ரா ஃபைலும் (கேமரா தரும் திருத்தாத மூலப்படம்) 25 எம்பி. இரண்டு ராத்திரி கண்விழித்து 120 பொறுக்கி, நிறம் திருத்தி அனுப்பினேன். ஃபேஸ்புக்கில் ஏறியது, "படங்கள்: விழாக் குழு" என்று. அப்புறம் மாமாவிடமிருந்து ஒரு செய்தி: "தலைவருக்குப் பொன்னாடை போர்த்துற படத்துல அவர் கண்ணு மூடியிருக்கே, கொஞ்சம் திறந்து தர முடியுமா?"