இன்ஜின் மாற்றும் முன் வண்டிக்கு அடியில் குனிந்து பாருங்கள்

பழைய ஃபோர் வீல் டிரைவ் வண்டி வைத்திருப்பவர்கள் இன்ஜின் மாற்றுவதைப் பற்றிப் பேசத் தொடங்கினால், ஐந்தாவது நிமிடத்திலேயே பேச்சு குதிரைத்திறனில் போய் நிற்கிறது. என்னைக் கேட்டால் அது கடைசியாகக் கேட்க வேண்டிய கேள்வி. வண்டியில் ஏற்கெனவே இருக்கும் கியர்பாக்ஸ் எவ்வளவு முறுக்குவிசையை (டார்க், அதாவது இன்ஜின் சுழற்றும் விசையை) தாங்கும் என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

லேண்ட் ரோவர் டிஃபெண்டரையே எடுத்துக்கொள்வோம். 1990களின் நடுவில் அதில் வந்த 300 டிடிஐ, 2.5 லிட்டர் டீசல் இன்ஜின். 111 குதிரைத்திறன், 1,800 ஆர்பிஎம்மில் 265 நியூட்டன் மீட்டர். அதனோடு வரும் ஆர்380 கியர்பாக்ஸின் பெயரில் உள்ள 380 என்ற எண்ணே அது எத்தனை நியூட்டன் மீட்டர் தாங்கும் என்பதைச் சொல்லிவிடுகிறது. பலரும் ஆசைப்படும் 5.7 லிட்டர் எல்எஸ்1 வி8 இன்ஜின் 1997இல் கொர்வெட் ஸ்போர்ட்ஸ் காரில் வந்தபோதே ஏறத்தாழ 475 நியூட்டன் மீட்டர் தந்தது; டீசல் விரும்பிகள் தேடும் கம்மின்ஸ் ஆர்2.8 இன்ஜின் ஏறத்தாழ 420 தருகிறது. இரண்டுமே அந்தக் கியர்பாக்ஸின் வரம்பைத் தாண்டியவை. ஆகவே இவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பவர் கியர்பாக்ஸ், கிளட்ச், ரேடியேட்டர், சில நேரம் ஆக்சில் ஷாஃப்ட் வரை சேர்த்தே கணக்குப் போட வேண்டியிருக்கும்.

இவ்வளவு விசை தேவைதானா என்பதும் யோசிக்க வேண்டியது. இன்ஜினின் விசையைப் பெருக்கித் தரும் விகிதங்கள் அதே டிஃபெண்டரில் இப்படி: முதல் கியர் 3.69, விசையை முன் பின் ஆக்சில்களுக்குப் பிரித்துத் தரும் டிரான்ஸ்ஃபர் கேஸின் லோ கியர் 3.32, ஆக்சில் நடுவிலுள்ள டிஃபரென்ஷியல் 3.54; மூன்றையும் பெருக்கினால் ஏறத்தாழ 43 வருகிறது. சிறிய இன்ஜினின் 265 கூட, உராய்வில் போவதைக் கழிக்காமல் பார்த்தால், சக்கரங்களுக்குப் போகும்போது 11,000 நியூட்டன் மீட்டரைத் தாண்டிவிடுகிறது. பாறையிலும் சேற்றிலும் டயர் வழுக்கத் தொடங்கிய பிறகு அதற்கு மேல் எவ்வளவு இருந்தாலும் பயனில்லை. நெடுஞ்சாலை ஏற்றத்தில் லாரியை முந்துவதற்கு வேண்டுமானால் கூடுதல் திறன் உதவும். அது வேறு ஆசை, அதை ஒப்புக்கொண்டுவிட்டால் தேர்வு எளிதாகிவிடும்.

பெட்ரோல் இன்ஜினை எடுத்துவிட்டு டீசல் வைத்த ஒரு வண்டியை முதன்முதலில் ஓட்டிப் பார்த்தபோது, பிரேக் மிதி கல்லைப் போல இறுகிக் கிடந்தது. பெட்ரோல் இன்ஜினின் த்ராட்டில் உண்டாக்கும் வெற்றிடத்தில்தான், மிதியை லேசாக்கும் பிரேக் பூஸ்டர் வேலை செய்கிறது; டீசலில் அந்த வெற்றிடம் கிடைக்காது, தனியாக வேக்கம் பம்ப் வேண்டும். இன்ஜினை இறக்கி வைப்பதிலேயே கவனம் போனதால் அந்தச் சிறு பம்ப் யாருக்கும் நினைவுக்கு வரவில்லை, எனக்கும்தான்.

சம்ப், அதாவது இன்ஜினின் அடியில் ஆயில் நிற்கும் தொட்டி விஷயத்திலும் இப்படித்தான். முன் ஆக்சில் மேலெழும்போது டிஃபரென்ஷியல் போய் ஆயில் சம்பில் இடிக்குமா என்பதைக் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. டிஃபரென்ஷியல் மேல் களிமண் உருண்டை ஒன்றை வைத்து, ஆக்சிலை அதன் மேல் எல்லையில் தடுக்கும் பம்ப் ஸ்டாப் ரப்பர் வரை ஜாக்கியால் தூக்கி இறக்கினால், நசுங்கிய மண்ணின் தடிமனே மிச்சமுள்ள இடைவெளி. அது போதவில்லை என்றால், சம்பை வெட்டி மாற்றுவதா, வேறு இன்ஜின் தேடுவதா என்பதை இன்ஜின் மவுண்டுகளை வெல்டிங் செய்வதற்கு முன்பே முடிவு செய்துவிட வேண்டும்.

பழைய இன்ஜினின் பிளாக்கும் கிராங்க் ஷாஃப்டும் நல்ல நிலையில் இருந்தால், நான் அதையே ரீபோர் செய்து (தேய்ந்த சிலிண்டர்களைக் கடைந்து பெரிதாக்கி) திரும்ப மாட்டுவேன். மவுண்ட், வயரிங், ஸ்பீடோமீட்டர், பதிவு ஆவணம் எதையும் தொட வேண்டியிருக்காது.