வடைக்கு நிற்கிறோம், ஆளுக்கு நிற்க மாட்டோமா?

எங்கள் சைக்கிள் கிளப்பின் வாட்ஸ்அப் குழுவில் போன வாரம் ஒரு வாக்கெடுப்பு. ஞாயிற்றுக்கிழமை ரைடுக்குக் குறைந்தபட்ச வேகம் மணிக்கு 25 கிலோமீட்டர் என்று வைக்கலாமா, வேண்டாமா? 'வைக்கலாம்' என்று 28 பேர். 'வேண்டாம்' என்று 9 பேர். அந்த ஒன்பதில் நானும் உண்டு. குழுவில் நீளமாக எழுதினால் நாலு பேர் கட்டைவிரலைக் காட்டிவிட்டுப் போய்விடுவார்கள், அதனால் இங்கே எழுதுகிறேன்.

தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். நாங்கள் திருச்சிக்காரர்கள். பந்தயக்காரர்கள் இல்லை. பேங்க், பள்ளிக்கூடம், மருந்துக்கடை, ரயில்வே என்று வாரம் முழுக்க நாற்காலியைத் தேய்க்கிற கூட்டம். 2020 ஊரடங்கில் ஜிம்மெல்லாம் மூடிக் கிடந்தபோது ஆளுக்கொரு சைக்கிளைத் தூசி தட்டி எடுத்தோம். அப்படியே ஒட்டிக்கொண்டது. ஞாயிறு அதிகாலை ஐந்தரைக்குச் சிந்தாமணி அண்ணா சிலை. காவிரிப் பாலம், மாம்பழச்சாலை, திருவானைக்கோவில், அப்புறம் திருவளர்ச்சோலை, உத்தமர்சீலி, கிளிக்கூடு வழியாகக் கல்லணை. வலது கைப்பக்கம் காவிரி, இடது கைப்பக்கம் சற்றுத் தள்ளிக் கொள்ளிடம், நடுவில் வாழைத் தோப்புகளுக்குள் புகுந்து போகிற ரோடு. போக வர நாற்பது கிலோமீட்டரையொட்டி வரும். மேட்டூரில் ஜூன் 12 தண்ணீர் திறந்தால் அடுத்த ஞாயிறு கல்லணையில் நுரை பார்க்கலாம். இதைவிட நல்ல ரோடு எங்கள் ஊரில் இல்லை என்பது என் கட்சி. முக்கொம்பு ரோடுதான் நல்லது என்கிற கட்சிக்காரர்கள் சண்டைக்கு வருவார்கள், வரட்டும்.

இந்த ரோட்டில் போய் வேகத்தைப் பேசுவதே ஒரு கூத்து. ஆனி, ஆடியில் காற்று மேற்கிலிருந்து அடிக்கும். கல்லணை கிழக்கே இருக்கிறது. போகும்போது யாரோ முதுகில் கைவைத்துத் தள்ளுவதுபோல இருக்கும். பெடலில் சும்மா கால் வைத்திருந்தாலே மீட்டர் 30 காட்டும். அன்றைக்கு எல்லாருமே வீரர்கள்தான். கரிகாலன் சிலை முன்னால் நெஞ்சை நிமிர்த்தி ஒரு போட்டோ. திரும்பும்போதுதான் சங்கதி தெரியும். அம்மியையே பறக்கவைக்கிற காற்று, எங்கள் தொந்தியைச் சும்மா விடுமா? தனியாக மிதித்தால் 25 எல்லாம் எட்டாத உயரம், 14-க்கே நாக்குத் தள்ளும். எதிர்காற்றில் தனியாக மிதிக்கிறவனுக்கும் முன்னால் ஒருத்தன் காற்றை உடைத்துக்கொடுக்கப் பின்னால் போகிறவனுக்கும் உள்ள வித்தியாசம் கொஞ்சநஞ்சமல்ல. கூட்டமாகப் போவதன் லாபமே அதுதான். ஆக, கூட்டம் யாருக்கு ரொம்ப வேண்டுமோ அவரைத்தான் நாங்கள் முதலில் விட்டுவிட்டுப் போகிறோம்.

போன ஆடியில் அதுதான் நடந்தது. எங்களில் மூத்தவர், பெல் நிறுவனத்தில் ஓய்வு பெற்றவர், பழைய ஹெர்குலிஸ் ஒன்றில் வருவார். கியர் கிடையாது. கேரியரில் ஒரு மஞ்சப்பை, அதற்குள் ஒரு துண்டு, ஒரு வாட்டர் பாட்டில். கல்லணையிலிருந்து திரும்பும்போது உத்தமர்சீலி தாண்டுவதற்குள் அவருக்குப் பின் டயர் பஞ்சர். நாங்கள் பதினாறு பேரும் முன்னால் போய்விட்டோம். நடுவில் இருந்தவர்கள் பின்னால் ஆள் இருக்கிறது என்று நினைத்தார்கள். பின்னால் வந்த இரண்டு பேர் அவர் எப்போதோ முன்னால் போய்விட்டார் என்று நினைத்தார்கள். நான் எதையும் நினைக்கவே இல்லை, அதுதான் உண்மை. திருவானைக்கோவிலில் ஒரு ஹோட்டல் முன்னால் சைக்கிள்களைச் சாத்தி, வெண்பொங்கலும் வடையும் வாங்கி, 'ஞாயிறு ரைடு, சராசரி வேகம் 24.6' என்று குழுவில் போட்டோ போட்டதே நான்தான்.

அவர் அந்த எதிர்காற்றில் சைக்கிளை உருட்டிக்கொண்டே வந்திருக்கிறார். ஞாயிறு காலை ஏழு மணிக்கு எந்தப் பஞ்சர் கடை திறந்திருக்கும்? ஒரு மணி நேரத்துக்கு மேல் கழித்து நான் போன் பண்ணியபோது அவர் கேட்ட முதல் கேள்வி: "சாப்டீங்களா தம்பி?" குத்திக்காட்டவில்லை, நிஜமாகவே கேட்டார். அதற்குப் பிறகு ஞாயிறு ரைடுக்கு அவர் வரவில்லை. முழங்கால் வலி என்று சொன்னார். நாங்களும் நம்பியதுபோல இருந்துவிட்டோம்.

25 வேண்டும் என்கிறவர்கள் அடிக்கடி இழுக்கிற பெயர் பிஆர்எம், அதாவது குறித்த நேரத்துக்குள் முடிக்க வேண்டிய நெடுந்தூரச் சைக்கிள் பயணம். எங்களில் நாலைந்து பேர் அதை முடித்து மெடல் வாங்கியிருக்கிறார்கள், எனக்கும் அவர்கள்மேல் மரியாதை உண்டு. ஆனால் அந்தக் கணக்கைக் கொஞ்சம் போட்டுப் பாருங்கள். 200 கிலோமீட்டருக்கு அவர்கள் கொடுக்கும் நேரம் பதின்மூன்றரை மணி. சாப்பாடு, பஞ்சர், மரத்தடித் தூக்கம் எல்லாம் அதற்குள். சராசரி மணிக்கு 15 கிலோமீட்டர்கூட வரவில்லை! 600 கிலோமீட்டருக்கு 40 மணி நேரம், அதுவும் அதே 15-தான். அந்த வகைப் பயணங்களுக்கெல்லாம் தாத்தாவான பாரிஸ்–பிரெஸ்ட்–பாரிஸ் 1200 கிலோமீட்டர், 90 மணி நேரம். நேரத்துக்குள் வந்துவிட்டால் எல்லாரும் ஒன்றுதான், முதல் பரிசு என்று எதுவும் கிடையாது. உலகத்தில் அத்தனை தூரம் மிதிக்கிறவர்களே 15-க்கு ஒத்துக்கொள்ளும்போது, வடை சாப்பிடப் போகிற நமக்கு எதற்குய்யா 25?

சரி, வேகமாகப் போக ஆசைப்படுவது தப்பு என்று நான் சொல்லவில்லை. வாரத்தில் கிடைக்கிற இரண்டு மணி நேரத்தில் வியர்வை சொட்ட மிதிக்க வேண்டும் என்கிறவரின் நியாயம் எனக்குப் புரிகிறது. சனிக்கிழமையை எடுத்துக்கொள்ளுங்கள். புதுக்கோட்டை ரோட்டில் 35-இல் பறங்கள். ஞாயிற்றுக்கிழமையை விட்டுவிடுங்கள்.

ஆனால் என் மனதில் உறுத்துவது வேகம் மட்டுமில்லை. இதைச் சொல்ல எனக்கே கொஞ்சம் கூச்சம்தான்.

இந்த வருஷம் தை மாதம், பொங்கல் கூட்டம் அடங்கிய ஒரு ஞாயிற்றுக்கிழமை, முக்கொம்பில் கிளப்பின் குடும்பச் சந்திப்பு வைத்தோம். 'நம் கிளப் ஒரு குடும்பம்' என்று பேனர்கூட அடித்தோம். ஆண்கள் ஜெர்சி போட்டுக்கொண்டு கரூர் ரோட்டில் சைக்கிளில் வந்தோம். (அந்த ஜெர்சியின் நிறத்தைப் பற்றித் தனிப் பதிவு போடும் அளவுக்கு எனக்குக் கருத்து இருக்கிறது.) பெண்களும் பிள்ளைகளும் வேனில் வந்தார்கள். வேனில் இன்னும் என்னவெல்லாம் வந்தது என்றால், புளிசாதம் ஒரு அண்டா, தயிர்சாதம் ஒரு அண்டா, உருளைக்கிழங்கு வறுவல், மசால்வடை, வாழையிலைக் கட்டு, தண்ணீர் கேன், ஜமக்காளம். நாங்கள் வந்து இறங்கியதும் கைதட்டி வரவேற்றார்கள். நாங்களும் ஹெல்மெட்டைக் கழற்றிக் கையசைத்தோம்.

அந்த மூத்தவர் எங்களுக்கு முன்பே தன் ஹெர்குலிஸில் தனியாக வந்து சேர்ந்திருந்தார். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய், காவிரி எந்த இடத்தில் கொள்ளிடமாகப் பிரிகிறது, 1836-இல் ஆர்தர் காட்டன் கட்டிய மேலணையில் 2018 ஆகஸ்டில் ஒன்பது மதகுகள் எப்படி அடித்துக்கொண்டு போயின என்று கையை ஆட்டி ஆட்டிச் சொல்லிக்கொண்டிருந்தார். நாங்கள் நிழலில் உட்கார்ந்து கியர் விகிதம் பேசிக்கொண்டிருந்தோம்.

சாப்பாடு முடிந்து பாத்திரத்தை ஒழித்துக்கொண்டிருந்தபோது என் மனைவி சொன்னாள்: "ஏங்க, நீங்க இருபது கிலோமீட்டர் மிதிச்சதுக்கு நாங்க கை தட்டினோம். நாங்க ராத்திரி பதினொண்ணு வரைக்கும் புளி கரைச்சதுக்கு யாராச்சும் தட்டினீங்களா?" சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். பக்கத்தில் இருந்தவர்களும் சிரித்தார்கள். நான் அண்டாவைத் தூக்கி வேனில் வைத்தேன், வேறென்ன செய்ய.

அப்புறம்தான் என் மாமியார் எழுந்து, அந்த ஹெர்குலிஸ் யாருடையது என்று கேட்டார். அத்தைக்குக் கீரனூர் பக்கம் ஒரு கிராமம், புதுக்கோட்டை மாவட்டம். 1990-களின் தொடக்கத்தில் அங்கே எழுதப் படிக்கக் கற்றுக்கொடுக்கும் அறிவொளி இயக்கம் நடந்ததும், ஷீலா ராணி சுங்கத் கலெக்டராக இருந்தபோது எழுத்தோடு சேர்த்துச் சைக்கிளும் பெண்களுக்குக் கற்றுக்கொடுத்ததும் பலருக்கு நினைவிருக்கும். லட்சம் பெண்களுக்கு மேல் ஓட்டக் கற்றுக்கொண்டார்கள் என்பார்கள். அதில் அத்தையும் ஒருவர். அப்போது வயது முப்பது, இரண்டு பிள்ளைகள். லேடீஸ் சைக்கிள் கிடைக்காமல் ஆண்கள் சைக்கிளிலேயே பழகி, அப்புறம் அதுவே வசதி என்று ஆகிவிட்டதாம். பின்னால் கேரியரில் தண்ணீர்க் குடம், முன்னால் பார் கம்பியில் துண்டைச் சுற்றி அதன்மேல் பிள்ளை. அந்தப் பிள்ளைதான் இப்போது புளி கரைத்தவள்.

சீட்டைக் கொஞ்சம் இறக்கச் சொன்னார். புடவைக் கொசுவத்தை எடுத்துச் செருகினார். இடது பெடலில் ஒரு கால், தரையில் இரண்டு தட்டு, ஒரு எம்பு, ஏறிவிட்டார். முதல் பத்தடி கொஞ்சம் கோணலாகப் போனது, அப்புறம் நேராகிவிட்டது. மரங்களுக்கு நடுவில் ஒரு பெரிய சுற்று வந்தார். இறங்கியதும் மூச்சு வாங்கவில்லை. "பிரேக்கு நல்லா பிடிக்குது, செயினுக்குத்தான் எண்ணெய் பத்தல" என்றார் அந்த சாரிடம். முப்பது ஆண்டுகளுக்கு முன்னால் குடத்தோடும் பிள்ளையோடும் ஓட்டிய ஒருவர் எங்கள் கிளப் விழாவுக்கு வேனில் வந்திருக்கிறார், பேனரில் 'குடும்பம்' என்று எழுதியிருக்கிறோம்.

பெண்கள் ஏன் வருவதில்லை என்று குழுவில் யாராவது எப்போதாவது கேட்பார்கள். 'ஆர்வம் இல்லை' என்று பதில் வரும். ஞாயிறு காலை ஐந்தரைக்கு ரைடு வைத்தால் அந்த வீட்டில் காலைச் சாப்பாட்டை யார் பார்ப்பது என்று நாங்கள் ஒருநாளும் யோசித்ததில்லை, ஏனென்றால் நாங்கள் பார்ப்பதில்லை. இன்னொன்று, எந்த இடத்தில் டீக்கு நிற்பது என்பதை இத்தனை வருஷமாக வடையை வைத்துத்தான் முடிவு செய்திருக்கிறோம். பெண்கள் வருவதென்றால் கழிப்பறையை வைத்து முடிவு செய்ய வேண்டும். கல்லணை ரோட்டில் எங்கள் ஆஸ்தான டீக்கடைக்குப் பின்னால் வாழைத் தோப்பு இருக்கிறது, எங்களுக்கு அது போதுமாக இருந்தது. இதை மனைவி சொல்லித்தான் தெரிந்துகொண்டேன் என்பதை எழுதவே வெட்கமாக இருக்கிறது.

அதனால் வாக்கெடுப்பில் தோற்றாலும் ஒரு காரியம் செய்யப்போகிறேன். மாதத்தின் கடைசி ஞாயிறு, காலை ஏழு மணிக்கு, அதே அண்ணா சிலை. திருவானைக்கோவில் வழியாகத் திருவளர்ச்சோலை வரை, போதும். வேகக் கணக்கு கிடையாது. கடைசியாக வருகிறவருக்குப் பின்னால் பம்ப்பும் பஞ்சர் சாமானுமாக ஒருவர் கட்டாயம் வருவார். இந்த மாதம் அந்த ஆள் நான். டீக்கு நிற்கும் இடத்தை என் மனைவியும் இன்னும் இரண்டு பேரும் பார்த்து வைத்திருக்கிறார்கள். வடை சுமார்தான், இப்போதே சொல்லிவிடுகிறேன். யாரும் வீட்டிலிருந்து அண்டா கொண்டுவர வேண்டாம், சாப்பாடு ஹோட்டலில். அவரவர் காசு அவரவர் கொடுக்கலாம். வாடகைக்கோ இரவலுக்கோ சைக்கிள் வேண்டுமென்றால் முன்கூட்டியே சொல்லுங்கள், ஏற்பாடு செய்கிறேன்.

மூத்தவருக்கு நேற்று போன் செய்தேன். முழங்கால் எப்படி என்று கேட்டேன். ஏழு மணி என்றால் பார்க்கலாம் என்றார்.

அப்புறம் ஒரு விஷயம். யாரிடமாவது சும்மா நிற்கிற 22 இன்ச் சைக்கிள் இருந்தால் உள்பெட்டியில் சொல்லுங்கள், நல்ல விலை கொடுக்கிறேன். லேடீஸ் சைக்கிள் வேண்டாமாம். பார் கம்பி உள்ளதுதான் வேண்டும் என்று அத்தை கண்டிப்பாகச் சொல்லிவிட்டார், பேத்தியை உட்காரவைக்க.