எக்ஸெல் என்று பெயர் வைத்தால் எக்ஸெல் ஆகிவிடுமா?

மாதம் பிறந்து பத்துத் தேதியானால் எனக்குச் சோறு இறங்காது. 11ஆம் தேதிக்குள் ஜிஎஸ்டிஆர்-1 என்னும் மாத விற்பனைக் கணக்கை ஜிஎஸ்டிக்குத் தாக்கல் செய்தாக வேண்டும். அதற்கு முன் விற்பனைப் பதிவேட்டை பில்லிங் மென்பொருளிலிருந்து எடுத்து ஆடிட்டருக்கு அனுப்ப வேண்டும். 'எக்ஸெல்' என்று பச்சையாக ஒரு பொத்தான் இருக்கிறது. அழுத்தினால் கோப்பு வந்துவிடும். திறந்தால்தான் வம்பு. கோப்பின் வடிவமும் அதன் எக்ஸ்டென்ஷனும் (பெயரின் வால்) பொருந்தவில்லையாம், சிதைந்திருக்கலாமாம், ஆபத்தாகவும் இருக்கலாமாம், இருந்தாலும் திறக்கவா என்று கேட்கிறது. வேறு வழி? 'ஆம்' என்று அழுத்துகிறேன். இரண்டு வருடமாக, மாதம் தவறாமல்.

உதவி மையத்தைக் கூப்பிட்டால் எடுத்த எடுப்பில் ஒரே பல்லவி: "சார், கோளாறு உங்கள் கம்ப்யூட்டரில்தான்." ஆபீஸை நீக்கிவிட்டு மறுபடி போடச் சொன்னார்கள். போட்டேன். ஆன்டிவைரஸை நிறுத்தச் சொன்னார்கள். நிறுத்தினேன். ஒரு மதியம் முழுக்கப் போனதுதான் மிச்சம். கோப்பு அப்படியேதான் இருந்தது.

போன மாதம் பொறுமை போய், அந்தக் கோப்பை நோட்பேடில் திறந்து பார்த்தேன். இன்றைய எக்ஸெல் கோப்பு வடிவமான எக்ஸ்எல்எஸ்எக்ஸ் என்பது உள்ளுக்குள் ஒரு ஜிப் பொட்டலம், அதாவது சுருக்கிக் கட்டிய மூட்டை. நோட்பேடில் திறந்தால் முதல் இரண்டு எழுத்து 'பிகே' என்று இருக்கும். ஜிப் வடிவத்தை உருவாக்கிய ஃபில் காட்ஸின் தலைப்பெழுத்துகள் அவை. பழைய வடிவமான எக்ஸ்எல்எஸ் என்றால் ஒன்றுமே புரியாத குப்பையாகத் தெரியும். என் கோப்பிலோ முதல் வரியே வலைப்பக்கம் எழுதும் எச்டிஎம்எல்! வெறும் வலைப்பக்க அட்டவணை. அதைத் தூக்கி, பெயருக்குப் பின்னால் எக்ஸ்எல்எஸ் என்று வால் ஒட்டி அனுப்பியிருக்கிறார்கள். கோப்பு சிதையவே இல்லை ஐயா, அது பிறந்ததே வேறு சாதியாக! எக்ஸெல் மாதாமாதம் உண்மையைச் சொல்லியிருக்கிறது. நான்தான் அதைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

சரி, திறக்கத்தான் திறக்கிறதே என்று கேட்பீர்கள். திறந்தபின் நடப்பதைப் பாருங்கள். சரக்கு அனுப்ப எடுக்கும் ஈ-வே பில்லின் எண் 12 இலக்கம். எக்ஸெல் அதை எண்ணாக எடுத்துக்கொண்டு 1.81 என்று சுருக்கி, நடுவில் ஓர் 'ஈ'யை உட்கார வைத்துவிடுகிறது. கட்டத்தின் வடிவத்தை மாற்றி அந்த ஈயை ஓட்டிவிடலாம். 16 இலக்க வங்கிக் கணக்கு எண்ணை என்ன செய்வது? எக்ஸெலுக்கு 15 இலக்கத்துக்கு மேல் நினைவில் நிற்காது. கடைசி இலக்கத்தைப் பூஜ்யமாக்கிவிடும். எந்த வடிவத்துக்கு மாற்றினாலும் போனது போனதுதான். தேதியில் ஏப்ரல் 3 என்று நான் போட்ட 03/04 மார்ச் 4 ஆகிவிட்டது. 13/04 மட்டும், 13ஆம் மாதம் இல்லாததால் மாற வழியில்லாமல் எழுத்தாகவே இடப்பக்கம் ஒட்டிக்கொண்டு நிற்கிறது. தமிழில் அடித்த வாடிக்கையாளர் பெயர்களைக் கேட்கவே வேண்டாம். எழுத்துக்கு எழுத்து, தலையில் கோடு போட்ட ஆங்கில 'ஏ' ஒன்று, பக்கத்தில் பெரும்பாலும் வட்டத்துக்குள் 'ஆர்' ஒன்று. 'முருகன் ஸ்டோர்ஸ்' பிரெஞ்சுக்காரர் கடை போல இருக்கிறது. இது யூடிஎஃப்-8 (தமிழ் எழுத்துகளைக் கோப்பில் பதியும் குறியீட்டு முறை) என்று கோப்பின் தலையில் ஒரு வரி எழுதியிருந்தால் போதும். அந்த ஒரு வரிக்குக்கூடவா பஞ்சம்?

ஒருநாள் கோப்பு வெறும் 6 கேபி. திறந்தால் ஒரு கட்டத்தில் 'பயனர் பெயர்', அதன் கீழே 'கடவுச்சொல்'. வேறொன்றுமே இல்லை. நான் சாப்பிடப் போய் வந்த நேரத்தில் லாகின் காலாவதியாகிவிட்டது. மென்பொருள் அதைச் சொல்லவில்லை. லாகின் பக்கத்தையே விற்பனைப் பதிவேடு என்று பெயரிட்டு இறக்கிக் கொடுத்திருக்கிறது.

அந்த மென்பொருளில் 'எக்ஸெல் 2003' என்று இன்னொரு தெரிவும் உண்டு. அது அசல் எக்ஸெல்தான். ஆனால் 65,536 வரியோடு கதை முடிந்தது. மிச்ச வரிகள் போனதாக ஒரு வார்த்தை சொல்லாது. 2020இல் இங்கிலாந்தில் இதே பழைய வடிவத்தின் வரி வரம்பால்தான் 15,841 கொரோனா தொற்றுகள் தினசரிக் கணக்கில் வராமல் விடுபட்டன. அவ்வளவு பெரிய அடிக்குப் பிறகும் இதை இன்னும் விற்கிறார்களே, அதற்கு ஆண்டுச் சந்தா வேறு!

நோட்பேடில் கண்டதைப் படம் எடுத்து உதவி மையத்துக்கு அனுப்பினேன். மூன்று நாள் கழித்து 'தீர்க்கப்பட்டது' என்று பதில் வந்தது. கூடவே, சரிசெய்த கோப்பு என்று ஒரு எக்ஸ்எல்எஸ்ஸை இணைத்து, கீழே சின்ன எழுத்தில் குறிப்பு: "திறக்கும்போது எச்சரிக்கை வந்தால் 'ஆம்' என்று அழுத்தவும்."